ஒன்பதாம் எண் பாத்தி

லூனாஸில் தாமான் செரி மெராந்தி என்று ஒரு குடியிருப்பு. அதன் கடைசி வரிசை வீடுகளுக்கும் பெரிய வடிகாலுக்கும் நடுவில் கிடந்த புதரை வெட்டி, பதினான்கு பாத்திகளாகப் பிரித்து, கேட்டவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடிக்கு இருபது அடி. நிலம் அரசாங்கத்துடையது. ஆண்டுக்கு ஒருமுறை அதிகாரி வந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் இன்னோர் ஆண்டுக்கு அனுமதி நீளும். பாத்திகளைச் சுற்றி ஒரு செம்மண் பாதை. குடியிருப்பு ஆட்கள் காலையில் நடப்பதற்காகப் போட்ட பாதை அது. நடந்தவர்கள் நான்கு பேர்.

ஒன்பதாம் எண் தேவகியுடையது. வயது ஐம்பத்தாறு. கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றே வேலை செய்ததில் வலது முழங்கால் போய்விட்டது. வீட்டு முன்வாசல் முழுக்கச் சிமெண்டு; ஒரு துளசி வைக்கக்கூடச் சட்டிதான் வேண்டும். பாத்திக்காக இரண்டு வருடம் பெயர் கொடுத்துக் காத்திருந்தாள். வீடு கணவர் மனோகரன் பெயரில், மோட்டார் சைக்கிள் மகன் பெயரில். பாத்தி அட்டையில் மட்டும் அவள் பெயர் இருந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

ஆனி கடைசியில் அவள் ஒரு பூச்சட்டி செய்தாள். செய்முறை கைப்பேசியில் பார்த்தது. பழைய துண்டு ஒன்றை நீர்க்கக் கரைத்த சிமெண்டில் முக்கி, பிளாஸ்டிக் பை சுற்றிக் கவிழ்த்த வாளியின் மேல் போர்த்திவிட வேண்டும். மூன்று நாள் காய்ந்தால் துண்டின் மடிப்புகள் அப்படியே நின்று இறுகிவிடும். பிறகு நிமிர்த்தி வாளியை உருவினால் சட்டி. மனோகரனின் குளியல் துண்டில் பெரியதாக ஒன்று, முகம் துடைக்கும் துண்டைப் பால் டின் மேல் போட்டுச் சின்னதாக ஒன்று. பெரியதை நிமிர்த்த முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கவிழ்ந்தபடியே இருக்கட்டும் என்று, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் சாயத்தை இரண்டுக்கும் பூசினாள். சின்னதற்கு விளிம்பில் கொஞ்சம் சிவப்பு. ஈரம் காய வேறு இடமில்லாததால் சின்னதைப் பெரியதன் தலையில் வைத்தாள். பாத்தி மூலையில், வேப்ப மரத்தடியில், கிழக்கு வெயில் படும்படி.

மறுநாளே மனோகரனுக்குக் கண் அறுவைக்கு நாள் கிடைத்துவிட்டது. சுங்கைப் பட்டாணியில் மகள் ரூபினி வீட்டில் இருவரும் பன்னிரண்டு நாள் தங்கினார்கள். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

திரும்பி வந்த மறுநாள் காலை தேவகி மண்வெட்டியோடு போனாள். பத்தாம் எண்ணில் புதினா கிள்ளிக்கொண்டிருந்த கரீமா நிமிர்ந்து பார்த்தாள். பட்டணத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஜலீலின் மனைவி. கடைக்கு வேண்டிய புதினாவும் கறிவேப்பிலையும் அந்தப் பாத்தியிலிருந்துதான்.

"தேவகிக்கா, வந்துட்டீங்களா? செருப்பக் கழட்டிட்டுப் போங்க."

"ஏன், சேறா இருக்கா?"

"நீங்களே போய்ப் பாருங்கக்கா. நான் ஒண்ணும் சொல்லல லா."

தேவகி பார்த்தாள். பெரிய சட்டியின் இடுப்பில் சிவப்பு ரவிக்கைத் துணி கட்டியிருந்தது. சின்னச் சட்டிக்கு நெற்றியாகத் தோன்றிய இடத்தில் காலணா அகலத்துக்குக் குங்குமம். சுற்றிலும் செம்பருத்தி, ஒன்பது எலுமிச்சம்பழம், கற்பூரம் எரிந்த ஓட்டுச் சில்லு. துண்டின் மடிப்புகள், அவளே ஒப்புக்கொள்ள வேண்டும், கொசுவம் வைத்துக் கட்டிய சேலையாகத்தான் தெரிந்தன. முன்னால் ஆட்கள் நிற்க வசதியாக மண்ணை மிதித்துச் சமமாக்கியிருந்தார்கள். அங்கே அவள் கத்தரிக்கன்று இரண்டு வரிசை நட்டிருந்தாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பாதையில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எண்ணினாள், இருபத்து மூன்று பேர். எல்லோரும் ஒரே பக்கமாக, வலமாகவே சுற்றினார்கள். வேப்ப மரத்தருகே வரும்போது ஒவ்வொருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முன்னால் வந்தவள் மருதம்மாள். அறுபத்து நாலு வயது, பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் பிறந்து இந்தக் குடியிருப்புக்கு வந்தவள். குடியிருப்பில் யார் வீட்டு நல்லது கெட்டதிலும் அவள் குரல்தான் முதலில் கேட்கும்.

"தேவகி! குடுத்து வச்சவடி நீ. உன் பாத்தியப் பாத்து எறங்கியிருக்கா."

"அக்கா, இது பூச்சட்டி. நான் செஞ்சது."

"செஞ்சது யாரு கை? செய்ய வச்சது யாரு?"

"வீடியோ பாத்துச் செஞ்சேன்க்கா. இது எங்க வீட்டுக்காரரு துண்டு."

மருதம்மாள் இடுப்பிலிருந்து சர்க்கரை அளவு எழுதும் கிளினிக் புத்தகத்தை எடுத்தாள். காட்டத் தயாராகவே வைத்திருந்தாள் போல. "இங்க பாரு. போன மாசம் இனிப்பு நீர் பதினாலு. நேத்து எட்டு புள்ளி ஒம்பது. தெனம் ஒம்பது சுத்து சுத்தறேன். ரத்தம் எடுக்கற மிஸ்ஸி கேக்குது, மருந்து மாத்துனீங்களான்னு."

"நடந்தா கொறையும்க்கா. டாக்டரும் அதானே சொல்றாரு."

"ஏழு வருஷமா சொன்னாரு. நான் நடந்தேனா?"

தேவகி மண்வெட்டியை வேப்ப மரத்தில் சாய்த்து வைத்தாள்.

பத்து மணிக்கு ரவிச்சந்திரன் வந்தார். பாத்திக் குழுவின் செயலாளர். விதிகள் பத்தையும் தாளில் அடித்து நுழைவாயிலில் ஒட்டியவர் அவர்தான். வரப்போகிற வியாழக்கிழமை அதிகாரி வருகிறார் என்று சொன்னார்.

"ஆறாவது விதி தெரியும்லா? காய்கறிப் பந்தல் தவிர எந்தக் கட்டுமானமும் கூடாது. கோயில்னு ஒண்ணு மொளைச்சிருக்குன்னு எழுதிட்டாருன்னா மொத்த நெலத்தையும் திருப்பிக் கேப்பாங்க. பதினாலு பேரும் வெளிய. அதுக்கு முன்னாடி நான் ஒன்பதாம் நம்பர ரத்து பண்ணிட்டு, நாங்களே நடவடிக்கை எடுத்துட்டோம்னு காட்டணும். வேற வழி இல்ல."

"நான் கோயில் கட்டலியே அண்ணே. நான் ஊர்லயே இல்ல."

"பாத்தி உங்க பேர்ல. பொருளு உங்களது. எடுத்துட்டீங்கன்னா ஒண்ணும் இல்ல."

"சரி, கனமா இருக்கு. ஒரு கை பிடிங்க, இப்பவே எடுத்துடலாம்."

ரவிச்சந்திரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தேவகி அப்போதுதான் கவனித்தாள். அவரும் செருப்பைப் பாதையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஆடி மாசம் பாருங்க," என்றார். "என் மகளுக்கு வேற நிச்சயம் பேசியிருக்கு."

அன்று மாலை புல் வெட்டும் முனியாண்டியிடம் கேட்டாள். பழைய மரம், பாம்புப் புற்று எதையும் பார்த்துத் தயங்காத ஆள். "அக்கா, புல்லு எவ்வளவு வேணும்னாலும் வெட்டறேன். இத மட்டும் கேக்காதீங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க," என்று மோட்டாரை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனான். கரீமாவிடம் தேவகி கேட்கவில்லை. கரீமாவே சொன்னாள்: "நான் தொட்டேன்னா நாளைக்கு வேற கதை ஆயிடும்கா. நம்ம ரெண்டு பேருக்கும் நல்லதில்ல." அது நியாயம்தான் என்று தேவகிக்கும் பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பசியாறும் நேரத்தில் மனோகரனிடம் சொன்னாள். ஒரு கண்ணுக்குக் கட்டுப்போட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"எனக்கு ஒத்தைக் கண்ணுதான் தெரியுது. அதுலயே அது என் துண்டுன்னு தெரிஞ்சிச்சு. இந்த ஊருக்கு ரெண்டு கண்ணு இருந்து என்ன பிரயோசனம்?"

"வெளையாடாதீங்க. பாத்தி போயிடும்."

"இருட்டுனதும் போயித் தள்ளுவண்டில தூக்கிட்டு வந்துரு. வடிகால்ல போட்டா முடிஞ்சிச்சு."

தேவகி ரொட்டியைத் தேநீரில் தோய்த்தபடி யோசித்தாள். எதையும் ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தி யோசிப்பது தொழிற்சாலைப் பழக்கம். இருட்டில் எடுத்தால் யாரும் பார்க்கப்போவதில்லை. யாரும் பார்க்கவில்லை என்றால் காலையில் அது தானாக மறைந்ததாக ஆகும். மறைந்த இடத்துக்கு ஒரு சூலம் வரும். சூலத்துக்கு ஒரு தகரக் கொட்டகை வரும். சட்டியைத் தூக்கலாம், மறைந்த இடத்தை எப்படித் தூக்குவது?

வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான் அவளும். மஞ்சள் சேலையைப் பார்த்தால் அவள் கையும் தானாகத்தான் கன்னத்துக்குப் போகும். அதனால்தான் பயமாக இருந்தது. ஆனால் சிமெண்டு எத்தனை குவளை, தண்ணீர் எத்தனை குவளை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கும்பிட முடியவில்லை.

"எல்லாரும் இருக்கும்போதுதான் எடுக்கணும்," என்றாள். "அந்த இன்னொரு துண்டு எங்க?"

"ஏய், அதுதான் எனக்கு மிச்சமிருக்கிற ஒண்ணு."

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டியில் ஒரு வாளி, ஒரு பை சிமெண்டு, துண்டு, முக்காலி, பிளாஸ்டிக் பை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனாள். நடப்பவர்கள் மூன்றாவது சுற்றில் இருந்தார்கள். மஞ்சள் சட்டிக்குப் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு, சிமெண்டைக் கரைக்க ஆரம்பித்தாள். முதலில் ஒருவர் நின்றார். பிறகு நாலு பேர். துண்டை முக்கி எடுத்து, சொட்டச் சொட்டத் தூக்கி, கவிழ்த்த வாளிமேல் போட்டபோது இருபது பேருக்குக் குறையாமல் சுற்றி நின்றார்கள். விரலால் ஒவ்வொரு மடிப்பாக எடுத்துவிட்டாள்.

"இப்படித்தான்," என்றாள். "கொசுவம் வேணும்னா இப்படி எடுத்துவிடணும். வேணாம்னா நீவிடலாம்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அக்கா, சிமெண்டு எவ்வளவு, தண்ணி எவ்வளவு?" என்று கேட்டாள். தேவகி கணக்குச் சொன்னாள். அந்தப் பெண் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். மருதம்மாள் சிரிக்கவில்லை.

தேவகி கையைக் கழுவிவிட்டுப் பழைய சட்டியின் பக்கம் திரும்பினாள். எலுமிச்சம்பழங்களையும் பூவையும் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தாள். ரவிக்கைத் துணியை அவிழ்த்து மடித்தாள். சின்னச் சட்டியை இரண்டு கையாலும் தலையிலிருந்து தூக்கியபோதுதான் கூட்டத்தில் யாரோ, "அம்மா!" என்றார்கள். தேவகி அதை மெதுவாகக் கீழே வைத்தாள். உள்ளே பால் டின் அப்படியே இருந்தது.

"பெருசு கனம். யாராச்சும் ஒரு கை."

ரவிச்சந்திரன் வேலி ஓரத்தில் நின்று விதிகள் ஒட்டிய பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அசையவில்லை. தேவகி இடது முழங்காலை மண்ணில் ஊன்றி, தோளைக் கொடுத்து, ஒரே மூச்சாகச் சாய்த்தாள். வலது முழங்காலில் சுரீர் என்றது. சட்டி புரண்டு நிமிர்ந்தது. வாளியின் அடியில் நாலு தட்டுத் தட்டி உருவினாள். உள்பக்கம் சாயம் படாத துண்டின் நீலக் கட்டங்கள் சிமெண்டோடு சிமெண்டாகத் தெரிந்தன. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் என்று ஒதுங்கி நின்றாள். பலர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு இரண்டு கூடை மண்ணைக் கொட்டி, மூன்று மிளகாய்க்கன்று நட்டாள்.

மருதம்மாள் கிட்டே வந்தாள். "நீ செஞ்சது சரின்னே வச்சிக்குவோம். நாளைக்கு என் இனிப்பு நீர் ஏறுனா உன்னைத்தான் கேப்பேன்."

"கேளுங்கக்கா. நடந்தே வந்து கேளுங்க."

கூட்டம் சிரித்தது. மருதம்மாள் தட்டிலிருந்த ரவிக்கைத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தேவகிக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். பதினான்கு பாத்தியையும் இருபது நிமிடத்தில் பார்த்து முடித்தார். ஒன்பதாம் எண்ணில் மட்டும் நின்று மஞ்சள் சட்டியைப் படம் எடுத்துக்கொண்டார். அழகாக இருக்கிறதே, சொந்தமாகச் செய்ததா என்று மலாயில் கேட்டார். ஆமாம் துவான் என்று மரியாதையாகச் சொன்னாள். அனுமதி ஓர் ஆண்டுக்கு நீண்டது. ரவிச்சந்திரன் அவள் அட்டையில் முத்திரைச் சாப்பு குத்தி, தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நான் அப்பவே சொன்னேன்லா, ஒண்ணும் ஆகாதுன்னு," என்றார்.

வெள்ளிக்கிழமை பாதையில் பதினோரு பேர் நடந்தார்கள். திங்கட்கிழமை ஐந்து. அடுத்த வாரம் பழைய நாலு பேர். தேவகி கத்தரியை மறுபடி நட்டாள். மிளகாய் வேர் பிடித்துவிட்டது. பாத்தியில் குனிந்திருக்கும் நேரமெல்லாம், செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது பாதைப் பக்கமே இருந்தது.

பன்னிரண்டாவது நாள் மருதம்மாள் வந்தாள். புத்தகத்தை வேலிக்கு மேலாக நீட்டினாள்.

"பதினொண்ணு," என்றாள்.

தேவகி புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். கீழே நர்ஸ் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். சொல்வதற்கு இரண்டு மூன்று வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"பயத்தங்காய் முத்துது. போகும்போது ஒரு புடி பறிச்சிட்டுப் போங்க."

"போகும்போதுதானே. இப்பத்தான் வந்திருக்கேன்."

மருதம்மாள் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள், இந்த முறை இடப்பக்கமாக. சுற்றி வந்து வேப்ப மரத்தருகே வந்ததும் அவள் வலது கை தானாக மேலே எழுந்தது. பாதி வழியில் நின்று, காதோரம் போய், மயிரை ஒதுக்கிவிட்டு இறங்கியது. தேவகி அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் குனிந்து களை பிடுங்கினாள்.