டார்னக்கி என்ற பெயர்

அபர்டீன்ஷயரின் அந்தச் சிற்றூர் நூலகத்தில் செவ்வாய்தோறும் மாலையில் குடும்ப வரலாற்று வகுப்பு நடக்கும். கடைசி வகுப்பன்று ஒரே ஒரு குடும்பப் பெயரின் கதை தேர்வாகிச் சுவரில் தொங்கும். அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று எல்ஸ்பெத் ஸ்மித் ஆறு மாதமாகத் தவித்தாள்.

பக்கத்து நாற்காலிக்காரி ரோனா டார்னக்கி. உலகத்திலேயே பதினொரு பேருக்குத்தான் அந்தப் பெயர். ஊருக்கு வெளியே டார்னக்கி என்று ஒரு பண்ணையும் மாளிகையும் இருந்தன. ஆகவே மாளிகைப் பிரபுவின் வாரிசு தான்தான் என்று ரோனா முடிவே கட்டிவிட்டாள்.

"உன் பேரைத் தேடுறது கடல்ல உப்பைத் தேடுற மாதிரிடி," என்றாள் ரோனா, தேநீரில் ஷார்ட்பிரெட் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே. "எங்க கைவச்சாலும் ஸ்மித்!"

எல்ஸ்பெத் சிரித்து வைத்தாள்.

மறுநாளே தேவாலயப் பதிவேடுகளின் முன் உட்கார்ந்தாள், தன் பெயரை விட்டுவிட்டு ரோனாவின் பெயரைத் தேட. மூன்றாம் வாரம் அகப்பட்டது. 1794 மார்ச்: டார்னக்கி பண்ணைத் தொழுவத்தில் கிடந்த ஆண் குழந்தை. பெற்றவர் தெரியவில்லை. அந்தக் கால வழக்கப்படி, கிடைத்த இடத்தின் பெயரையே குடும்பப் பெயராகச் சூட்டி ஞானஸ்நானம்.

மாளிகையாவது மண்ணாங்கட்டியாவது! எல்ஸ்பெத்துக்குக் கைதட்டத் தோன்றியது. அடுத்த பக்கத்தையும் புரட்டினாள்.

சபை மூப்பர்கள் மருத்துவச்சியை வீடு வீடாக அனுப்பியிருந்தார்கள், மணமாகாத பெண்களில் யார் மார்பில் பால் இருக்கிறதென்று பார்க்க. ஒருத்தி அகப்பட்டாள். கொல்லன் வில்லியம் ஸ்மித்தின் மகள் ஜீன். தண்டனையாக மூன்று ஞாயிறு சபை நடுவே அவளை நிற்க வைத்தார்கள். பிள்ளைக்கு இட்ட பெயரை மட்டும் மாற்றவில்லை.

கொல்லன் வில்லியம், எல்ஸ்பெத் வரைந்த வம்சப் படத்தின் உச்சியில் இருப்பவன்.

வகுப்பில் முதல் பக்கத்தை மட்டும் படித்து, தன் வீட்டு அவமானத்தை மறைத்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தாள். கடைசி வகுப்பில் எழுந்து நின்றபோது, முதல் பக்கத்துக்கும் தாழாத ரோனாவின் கழுத்து நிமிர்வு பொறுக்காமல் இரண்டாவதையும் படித்துவிட்டாள்.

ரோனாவின் முகம் வெளுத்தது. பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்போ நீ எனக்குச் சொந்தமாடி?"

வகுப்பே கைதட்டியது. ஆசிரியர் இரண்டு பக்கங்களையும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: டார்னக்கி.

"அது எங்க வீட்டுப் பிள்ளைதாங்க," என்று பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் எல்ஸ்பெத் சொல்லிப் பார்க்கிறாள். "எவ்வளவு அழகான பேர்!" என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள்.