இப்ப கும்பிட்டுக்கோ

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சாவு வீட்டுக் கதைதான் சொல்லப்போகிறேன். ஆனால் அழ நேரம் இருக்காது. நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளும்.

நயா பைசா வந்த புதிது. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ரங்கசாமி, பெண்டாட்டியின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளையம்மாளின் கை சில்லிட்டிருந்தது. விடியும்போதே மூச்சு நின்றுவிட்டது. மகன் கார்டாகப் போன ரயில் வண்டி மத்தியானத்துக்கு மேல்தான் திரும்பும். அடுக்களையில் மருமகள் செல்லக்கிளி, கிளம்புகிற பரபரப்பில் செம்பை உருட்டிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள்.

இன்றைக்கு அவளுக்கு டைப்ரைட்டிங் பரீட்சை. விட்டால் இன்னும் ஆறு மாதம். அடம்பிடித்து அவளை இன்ஸ்டிடியூட்டில் சேர்த்ததே வெள்ளையம்மாள்தான். வீட்டில் மெஷின் ஏது? சாயங்காலம் கால் பிடித்துவிடும்போது மாமியாரின் கெண்டைக்கால்தான் மெஷின். கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாள்.

"இடது சுண்டு விரல் சோம்பேறிடி. கொசு உக்காந்த மாதிரி இருக்கு. நல்லா அழுத்து!" என்பாள் மாமியார்.

நேற்றும் அப்படித்தான். பிறகு வெள்ளையம்மாள் புருஷனிடம் சொன்னாள்: "நான் போயிட்டாலும் நாளைக்கு அவ பரீட்சைக்குப் போகணும், ஆமா."

"உன்னைக் கூட்டிட்டுப் போக எமனுக்குத் தைரியம் வேணுமே" என்று இவர் சிரித்தார்.

வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. பரீட்சைக்கு அவரவர் பழகின மெஷினையே ஏற்றிப் போவார்கள். கூடப் படிக்கிற கமர் ஜஹான் இரண்டு மெஷினுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு கத்தினாள். "வாடி செல்லக்கிளி! குதிரையே ரெடி. நீ இன்னும் பொட்டு வச்சு முடிக்கலையா?"

செல்லக்கிளி ஓடிவந்தாள். "அத்தை கால்ல விழுந்துட்டு ஓடிடறேன், மாமா." போர்வை நுனியைப் பிடித்துவிட்டாள்.

ரங்கசாமி பாய்ந்து குறுக்கே கையை நீட்டினார். தொட்டால் தெரிந்துவிடும்.

"தொடாதேம்மா! ராத்திரியெல்லாம் இருமி இப்பத்தான் கண்ணசந்தா. படுத்திருக்கிறவங்களைக் கும்பிடக் கூடாது. வந்து கும்பிட்டுக்கலாம், போ."

படுத்த நிலையில் கும்பிடுவது செத்தவர்களைத்தான். அவசரத்தில் வாயில் வந்த சொல் அவரையே சுட்டது. அவளோ, "விரலெல்லாம் துடிக்குது மாமா!" என்று சிரித்தபடி தாவி ஏறினாள். வண்டி பறந்தது.

பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி கஞ்சியோடு வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் அலற வாயைத் திறந்தாள். ரங்கசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "இவ சொன்னதுதான். பரீட்சை முடிஞ்சு மருமக வர்ற வரைக்கும் அழாதேம்மா..."

பாக்கியமேரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். "செத்தும் அதிகாரம் பண்றாளே, மகராசி" என்று முணுமுணுத்தாள். இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உச்சி வெயிலில் தெருமுனையிலேயே குரல் கேட்டது.

"மாமா! ஒரு தப்பில்ல! மணி அடிக்குமுன்னே முடிச்சிட்டேன்! சுண்டு விரல் என்னமா விழுந்துச்சு தெரியுமா! அத்தை எந்திரிச்சாச்சா?"

ரங்கசாமி எழுந்து வழிவிட்டார்.

"இப்ப கும்பிட்டுக்கோம்மா."

"படுத்துத்தானே இருக்காங்க..." என்றவள் நின்றாள். பாக்கியமேரியைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள்.

மெதுவாகக் காலடியில் உட்கார்ந்தாள். போர்வையை விலக்கி, பத்து விரலையும் கெண்டைக்கால்மேல் வரிசையாக வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இடது சுண்டு விரல் அழுந்தி, அந்த இடத்தில் சின்னதாய் ஒரு குழி விழுந்தது.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கிளம்புகிறவர்களுக்கு வழிவிடுகிற பெரியவர்கள் இருக்கட்டும். திரும்பி வருகிறவர்களுக்கு அடுப்பில் சோறு சூடாக இருக்கட்டும்.