தலைக்கணக்குக்கு வந்த பெண்கள்

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லண்டன் மனோர் பார்க்கில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நடக்கும். ஆண்கள் கதிரை போட்டு முன்னால் இருப்பார்கள். பெண்கள் நாங்கள் பின்னால் சமையலறையில் நின்று வடை சுடுவோம். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால் நாற்பது உறுப்பினர்களாவது வந்திருக்க வேண்டும் என்பது விதி. நாற்பது ஆண்கள் நேரத்துக்கு வந்த வருடமே இல்லை. பாதிப் பேர் கார் விட இடம் தேடி அலைவார்கள், மற்றவர்கள் வீட்டில் கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் செயலாளர் சமையலறைக் கதவைத் திறந்து, "பெம்பிளையள் எல்லாரும் ஒருக்கா வந்து இருந்திட்டுப் போங்கோ" என்பார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பின்வரிசையில் போய் இருப்போம். தலைகளை எண்ணி, கூட்டம் ஆரம்பம் என்று அறிவித்ததும் அடுப்படிக்குத் திரும்பி விடுவோம். வாக்கெடுப்பில் எங்களுக்கு இடமில்லை. குடும்பத்துக்கு ஒரு வோட், அது குடும்பத் தலைவருடையது.

அந்தச் செயலாளர் வேறு யாருமில்லை, என் கணவர் குகதாசன்.

இவ்வளவு காலமும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனேன். இந்த வருடம் சிரிப்பு வரவில்லை. காரணம் குமுதினி. சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவள் அவள். மழையோ பனியோ, முதலில் போய்க் கதவு திறப்பவள், கடைசிப் பிள்ளையின் தகப்பன் வரும்வரை காத்து நிற்பவள். போன மாரியில் அவளுக்கும் தியாகராஜாவுக்கும் விவாகரத்து ஆனது. உடனே நிர்வாகக்குழு ஒரு கண்டுபிடிப்புச் செய்தது. உறுப்புரிமை குடும்பத் தலைவர் பெயரில் இருக்கிறது, ஆகவே அது தியாகராஜாவோடு போய்விட்டது. உறுப்பினர் அல்லாதவர் பள்ளிக்கூடப் பொறுப்பில் இருக்க முடியாது. அப்படியானால் என்னைத் தனியாகச் சேருங்கள் என்று அவள் கேட்டாள். குடும்பமாகத்தான் சேரலாம் என்றார்கள். அவளை விலக்கும் முடிவைப் பொதுக்கூட்டம் உறுதி செய்ய வேண்டியதுதான் மிச்சம்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். அந்த வாரம் பாடம், பழைய அமெரிக்காவின் பெண்கள் இயக்கம். கல்யாணம் முடித்த பெண்ணின் சொத்தும் சம்பளமும் கணவனுக்கே என்று சட்டம் இருந்த காலம் அது. சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். இருநூறு வருடத்துக்கு முந்திய சட்டத்தை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்க, அது உயிரோடு மனோர் பார்க்கில் உட்கார்ந்து வடை தின்கிறது.

கூட்டத்துக்கு முதல்நாள் குகதாசனிடம் என் எண்ணத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

"நீர் ஏன் யோசிக்கிறீர்?" என்றார். "எங்கட வீட்டு வோட்டைக் குமுதினிக்கே போடுறன். நீர் சொன்னபடிதான் செய்வன்."

"எனக்கு உங்கட கை வேண்டாமப்பா. எனக்குக் கை இருக்கு."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"ஒண்டெண்டால் நாளைக்கு நான் போடுறன். நீங்கள் வடை சுடுங்கோ."



மறுநாள் சமையலறையில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் வகுப்பில் படிப்பித்த ஒரு கதையைச் சொன்னேன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதில், இதே லண்டனில், அடிமை முறையை ஒழிக்க ஒரு பெரிய மாநாடு கூடியது. அமெரிக்காவிலிருந்து பெண்களும் பிரதிநிதிகளாகக் கடல் கடந்து வந்தார்கள். பெண்களைப் பிரதிநிதிகளாக ஏற்க முடியாது என்று ஆண்கள் முதல்நாளே முடிவெடுத்தார்கள். தடுப்புக்கு அப்பால் இருந்து வாய் பேசாமல் கேட்கலாம் என்றார்கள். மற்றவர்களின் விலங்கை உடைக்க வந்தவர்களுக்கு அந்த மரியாதை.

"பிறகு?" என்றாள் குமுதினி.

"எட்டு வருசத்தால அங்க போய்த் தாங்களே ஒரு மாநாடு கூட்டினவை. எங்களுக்கும் வோட் வேணும் எண்டு எழுதிக் கேட்டவை."

தலைவரின் மனைவி கிளறிற்றா அக்கா வெங்காயத்திலிருந்து தலை நிமிரவில்லை. "எங்களுக்கு எட்டு வருசம் நிக்கேலாது, வடை கருகப்போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்: "மலர், உன்னோட எனக்குக் கோவமில்லை. ஆனால் குமுதினி செய்தது பிழை. குடும்பத்தைப் பிரிச்சவளிட்டப் பிள்ளையளை விடேலாது."

குமுதினி அரைத்த மாவை வழிக்கத் தொடங்கினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"ஒருக்கா வந்து இருந்திட்டுப் போங்கோ" என்றார் குகதாசன், என்னைப் பார்க்காமல்.

வந்தோம், இருந்தோம். குமுதினி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். குகதாசன் விரலை நீட்டி எண்ணிவிட்டு, "நாப்பத்தொண்டு" என்றார். கூட்டம் ஆரம்பம் என்று அறிவித்த தலைவர், "சரி, பெம்பிளையள் போகலாம்" என்றார்.

ஒருவரும் எழும்பவில்லை. சமையலறையில் நான் சொல்லி வைத்தது அவ்வளவுதான், எழும்பாதீர்கள் என்று.

"பள்ளிக்கூட விசயத்தில நாங்களும் வோட் போடப்போறம்" என்றேன்.

தியாகராஜா முன்வரிசையில் இருந்து திரும்பினார். "குடும்பத்துக்கு ஒரு வோட். விதி தெரியாதோ?"

"தெரியும். நாப்பது உறுப்பினர் வேணும் எண்ட விதியும் தெரியும். நாங்கள் உறுப்பினர் இல்லையெண்டால் எங்களைக் கழிச்சு எண்ணுங்கோ."

"அது வேற, இது வேற."

"எப்பிடி வேற? எண்ணுறதுக்கு எங்கட தலை வேணும், வோட்டுக்கு எங்கட கை வேண்டாமோ? கழிச்சால் இண்டைக்குக் கூட்டமில்லை. போன வருசமும் இல்லை, அதுக்கு முதலும் இல்லை. அந்தக் கூட்டங்களில தெரிவான நிர்வாகமும் இல்லை. நீங்களெல்லாம் சும்மா கதிரையில இருக்கிறியள்."

மண்டபத்தில் ஒரே இரைச்சல். நாற்காலி தேய்கிற சத்தத்துக்கு மேலால் தலைவர் குகதாசனைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, எத்தினை ஆம்பிளையள்?"

குகதாசன் என்னைப் பார்த்தார். இந்த மனிதன் இப்போது பொய் சொன்னால் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று நினைத்தேன்.

"இருபத்தாறு" என்றார். "மிச்சம் பெம்பிளையள். ஒவ்வொரு வருசமும் நான் அப்பிடித்தான் எண்ணுறனான்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிர்வாகமே கவிழும் என்று கணக்குப் போட்டிருப்பார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு, "வந்திருக்கிற ஆக்கள் எல்லாரும் கை உயர்த்தலாம்" என்றார். தியாகராஜா ஏதோ முணுமுணுத்தார், யாரும் கேட்கவில்லை.

குமுதினி தொடர வேண்டும் என்பவர்கள் முதலில். என் கை எனக்கு முதலே மேலே போய்விட்டது. பின்வரிசையில் பதின்மூன்று கைகள், ஒன்றில் இன்னும் மா ஒட்டியிருந்தது. முன்னால் குகதாசனோடு சேர்த்து ஏழு ஆண்கள், அவர் ஒரு கையால் எண்ணியபடி மறுகையை உயர்த்தினார். இருபது. தன்னைப் பற்றிய வாக்கு என்பதால் குமுதினி கையை மடியில் வைத்திருந்தாள்.

விலக வேண்டும் என்பவர்கள் அடுத்து. குகதாசன் எண்ணிக்கொண்டு வந்து "பத்தொன்பது" என்றார்.

வென்றுவிட்டோம். பெண்கள் என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அப்போதுதான் கண்டேன், வரிசையின் மூலையில் கிளறிற்றா அக்காவின் கை இன்னும் உயர்ந்தே நின்றது. அவருடைய கணவரான தலைவர் ஏற்கனவே கை உயர்த்திவிட்டார், அந்த வீட்டு வோட் வந்துவிட்டது என்று பழக்கத்தில் அவரைத் தாண்டிப் போய்விட்டார் என் கணவர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் குமுதினிக்குப் பள்ளிக்கூடம். சத்தியமாகச் சொல்கிறேன், மூடிக்கொள்ளத்தான் மனம் சொன்னது. கிளறிற்றா அக்கா கையை இறக்கவுமில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. யாராவது பார்ப்பார்களா என்று அப்படியே இருந்தார். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். எத்தனை வருடம் பின்வரிசையில் நாங்களெல்லாம் அந்த முகத்தோடு இருந்திருக்கிறோம். குமுதினியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் திரும்பி, சொல்லு என்பதுபோல மெதுவாகத் தலையசைத்தாள்.

நான் எழும்பினேன். "கிளறிற்றா அக்காவை எண்ணேல்லை" என்றேன்.

குகதாசன் திகைத்தார். "அவ உங்களுக்கு எதிராத்தானே..."

"யாருக்கு எதிரா எண்டாலும் அவவின்ர வோட். எண்ணுங்கோ."

"இருபது" என்றார் அவர். கிளறிற்றா அக்கா கையை இறக்கினார். என்னை அவர் பார்த்த பார்வையில் நன்றியும் இல்லை, பகையும் இல்லை. என்னை இன்றுதான் முதன்முதலாகக் காண்பவர் போல இருந்தார்.

"சமன்" என்றார் தலைவர், பெரிய பாரம் இறங்கியவராக. "சமனெண்டால் நிர்வாகத்தின்ர முடிவு நிக்கும்."

தியாகராஜா கைதட்டத் தொடங்கினார். நியாயம் பேசி என் சிநேகிதியை நானே தோற்கடித்துவிட்டேன்.

பக்கத்தில் கதிரை அசைந்தது. குமுதினி எழும்பி நின்றாள்.

"குகதாசன் அண்ணை, நாப்பத்தொரு பேரில என்னையும் எண்ணினனீங்களோ?"

"ஓம், எண்ணினனான்."

"இன்னும் ஒரு ஆள்தானே வோட் போடேல்லை?"

"அது எங்கட வீட்டு..." என்று பாய்ந்து எழும்பிய தியாகராஜா பாதியில் நின்றார். எந்த வீடு என்று சொல்வது? அப்படி ஒரு வீடு இல்லை என்று நீதிமன்றமே எழுதிக் கொடுத்துவிட்டது.

குமுதினி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையை உயர்த்தி, என் கணவர் அதை எண்ணும்வரை உயர்த்தியபடியே நின்றாள்.