பதினேழாவது வார்த்தை

“கேக்கலைன்னா கேக்கலைன்னு எழுதுங்க. ‘என்ன’ன்னு திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?”

முதல் வண்டியின் முதல் சுற்று முடிந்து நின்றதும் டீச்சர் தன் கணவரைப் பார்த்துக் கேட்டாள். காற்றில் கூந்தல் பிரிந்து முகமெல்லாம் ஒட்டியிருந்தது. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

அவருக்குத் தொழிற்சாலையில் கூரைக்காரர் என்று பெயர். காருக்குக் கூரை கட்டுகிறவர். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் பறக்க வேண்டும், கூரையைத் திறந்தால் ஆகாயம் தெரிய வேண்டும், ஆனால் தினமும் ஓட்ட வேண்டும். அப்படி ஒரு சூப்பர் காரைச் செய்துவிட வேண்டும் என்பது முதலாளியின் வெறி.

“வாரத்துல ஒரு நாள் ஓட்டற வண்டிய எவனும் கட்டிடுவான்யா. இதுல பால் வாங்கப் போணும். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்.”

“ரெண்டே சீட்டுதானேங்க?”

“மாமியாரைக் கூட்டிட்டுப் போறப்போ மாமனார் எதுக்குய்யா? ரேஸ் ஓட்டறவன்கிட்டக் குடுத்தா இடுப்பு ஒடிஞ்சாலும் பிரமாதம்பான். குறை சொல்லத் தெரிஞ்ச ஆளாப் பாரு.”

“அதுக்கு வெளிய தேட வேண்டாம்ங்க. என் வீட்லயே இருக்கு.”

அப்படித்தான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் விடுமுறை நாட்களில் அந்த வண்டியை ஓட்ட வந்தாள். முதல் நாளே வாய் திறந்துவிட்டாள்.

“கைப்பைய எங்க வைக்கறது?”

“மடியில.”

“மடியில பை இருந்தா ஸ்டீயரிங்க யார் பிடிக்கறது, பையா? அப்புறம் இந்தக் கிளட்ச். மிதிச்சு மிதிச்சு என் இடது கால் மட்டும் பயில்வான் ஆயிடும். வேகத்தடை வந்தா வண்டி வயித்தத் தேய்ச்சுக்கிட்டு அழுவுது. மழை வந்தா என்ன பண்றது?”

“ரெண்டு பேர் இறங்கி, கம்பிய மாட்டி, துணிய இழுத்துக் கட்டணும். பன்னெண்டு நிமிஷம்.”

“பன்னெண்டு நிமிஷத்துல மழையே நின்னுடுமே!”

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஆனால் அவருக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கூரையைத் திறந்துகொண்டு போனால் பக்கத்துச் சீட்டில் இருப்பவர் பேசுவது கேட்க வேண்டும். பேச முடியாத வண்டியை யார் தினமும் ஓட்டுவார்கள்?

அதற்கு அவரே ஒரு சோதனை வைத்தார். டீச்சர் வீட்டிலேயே இருபது வார்த்தைகளை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். சோதனைத் தடத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தில், கூரை திறந்தபடி, அவள் ஓட்டிக்கொண்டே அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கத்தக் கூடாது, சாப்பாட்டு மேசையில் பேசுகிற குரல்தான். காதில் விழுவதை அவர் எண் போட்டு எழுதுவார். விழாததற்குப் பெருக்கல் குறி. திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் சோதனை செல்லாது. கடைசியில் உறையைப் பிரித்து ஒப்பிட வேண்டும்.

முதல் வண்டியில் இருபதுக்கு நான்கு.

“நாலா! பரவாயில்லையே. கல்யாணமாகி எட்டு வருஷத்துல வீட்ல நான் பேசறதும் அவ்ளோதான் உங்க காதுல விழுந்திருக்கும்” என்றாள் டீச்சர்.

இரண்டாவது வண்டிக்கு ஐந்து வருடம் ஆனது. அதில் கிளட்ச் இல்லை. பொத்தானை அழுத்தினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வேகத்தடை ஏறியது. துணிக்கூரையை மோட்டார் முப்பது நொடியில் மடித்தது. ஆனால் வண்டி நின்றால்தான். சிக்னலில் பாதி மடிந்த கூரையோடு மாட்டிக்கொண்டு, பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அமுக்க, டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டதை முதலாளி பல நாள் சொல்லிச் சிரித்தார். வார்த்தைகள் ஒன்பது.

மூன்றாவது வண்டியில் துணியே போய்விட்டது. இரண்டு தகடுகள் பதினான்கு நொடியில், வண்டி ஐம்பதில் ஓடும்போதே, முதுகுக்குப் பின்னால் மடிந்து ஒளிந்துகொண்டன. கூரைக்காரர் அப்போது வீட்டிலும் காற்றைப் பற்றியே பேசினார்.

“காத்து முன்னாடியிருந்து அடிக்கறது இல்ல டீச்சர். தலைக்கு மேல போயிடுது. பின்னாடி இறங்கி, திரும்பி வந்து பிடரியில அடிக்குது.”

“விடை வாங்கிட்டுப் போன சொந்தக்காரன், குடைய மறந்துட்டேன்னு திரும்பி வந்து ஒரு மணி நேரம் உக்காந்து பேசற மாதிரி.”

“அதேதான்! அந்தச் சொந்தக்காரனுக்குக் கதவச் சாத்தணும்.”

மூன்றாவது வண்டிச் சோதனை நாளன்று வானம் வெளுத்திருந்தது. டீச்சர் நேராகச் சாலையைப் பார்த்தபடி ஓட்டினாள். ஊசி. சோப்பு. குடை. அவர் எழுதிக்கொண்டே வந்தார். பதினேழாவதுக்கு அவள் கொஞ்சம் தாமதித்தாள். பிறகு உதடு அசைந்தது. அவர் காதில் காற்றுதான் விழுந்தது. பெருக்கல் குறி போட்டார்.

உறையைப் பிரித்தபோது பதினேழுக்கு நேரே ‘தீப்பெட்டி’ என்று இருந்தது. மொத்தம் பதினாறு சரி. கூரைக்காரர் வண்டியை விட்டுக் குதித்து இறங்கினார்.

“பதினாறு, டீச்சர்! இருபதுக்குப் பதினாறு!”

அவள் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாஸ் பண்ணிட்டீங்க” என்றாள்.

அன்று பதினேழாவதாக அவள் சொன்னது தீப்பெட்டி அல்ல.

அது ஏழு மாதம் கழித்து ஒரு மருத்துவமனை அறையில்தான் தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா. இந்தப் பக்கம் டீச்சர், கூரைக்காரர், கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த அவர்கள் மகள்.

“கட்டி இருக்கறது எப்போ தெரிஞ்சுதும்மா?”

“ஏழு மாசம் இருக்கும்.”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. மகள்தான் பதறினாள்.

“ஏழு மாசமா? யார்கிட்டயுமே சொல்லலையாம்மா?”

“உங்கப்பாகிட்ட சொன்னேன்டி.”

“எங்கிட்டயா?” என்றார் கூரைக்காரர்.

“அத அப்புறம் பேசிக்கலாங்க. டாக்டர் சொல்றதக் கேளுங்க.”

டாக்டரம்மா சொன்னது நிறைய. அவர் மனதில் நின்றது ஒன்றுதான்: கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்.

மகள் மருந்துச் சீட்டோடு போனதும், வெளியே நீளப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“எப்போ சொன்ன?”

“மூணாவது வண்டில. பதினேழாவது.”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

“‘மார்ல ஒரு கட்டி தட்டுப்படுதுங்க, பயமா இருக்கு’ன்னு சொன்னேன்.”

“வீட்ல சொல்லியிருக்கலாமே டீச்சர்...”

“வீட்ல நீங்க எங்க இருந்தீங்க? தட்டுக்கு இந்தப் பக்கம் உங்க வரைபடம், அந்தப் பக்கம் பொண்ணோட பரீட்சைப் புஸ்தகம். உங்க முகத்தப் பாத்துச் சொல்ல தைரியம் வரல. வண்டில முகம் பாக்க வேண்டாமே. ரோட்டப் பாத்துச் சொல்லிட்டேன்.”

“எனக்குக் கேக்கலையே.”

“தெரியும். பெருக்கல் குறி போட்டீங்க, ஓரக்கண்ணால பாத்தேன்.”

“இறங்கினப்புறமாவது?”

“பதினாறு பதினாறுன்னு குதிச்சீங்க. பத்து வருஷமா உங்கள அப்படி நான் பாக்கல. அதுல போய் நான் ஏன் கல்லப் போடணும்? நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அந்த நாளைக்கு, நாளைக்குன்னே போயிடுச்சு.”

மறுநாள் அவர் அலுவலகத்தில் பழைய கோப்பைத் தேடி எடுத்தார். பதினேழுக்கு நேரே பெருக்கல் குறி. அதன் பக்கத்தில், எதையும் விடாமல் எழுதுகிற அவருடைய பொடி எழுத்தில்: ‘உதடு அதிக நேரம் அசைந்தது. ஒரு சொல் அல்ல. விதிப்படி திருப்பிக் கேட்கவில்லை.’

தாளை மடித்துக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். ஒளித்து வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

“நான் பாத்திருக்கேன் டீச்சர். நீ வேற என்னமோ சொல்றேன்னு தெரிஞ்சிருக்கு எனக்கு. கேக்கல.”

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள்.

“ஒழுங்கா எழுதியிருக்கீங்க” என்றாள். “பத்துக்குப் பத்து.”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான்காவது வண்டி அந்த வருடம்தான் உருவானது. கூரைக்காரர் வேலையை விட்டுவிடுகிறேன் என்று முதலாளியிடம் போய் நின்றார்.

“தினம் எங்கய்யா போற?”

“ஆஸ்பத்திரிக்குங்க.”

“அதானே தினசரி? நாலாவத எடுத்துட்டுப் போ. அவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு பாத்து மாத்து. வண்டியத்தான் சொல்றேன்” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “வேற எத நம்மால மாத்த முடியும்?” என்றார்.

வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஏழு வேகத்தடைகள். ஊசி போட்டுத் திரும்பும் நாட்களில் அவற்றில் ஒவ்வொன்றும் டீச்சரின் வயிற்றில் ஏறி இறங்கியது. எந்தத் தடையில் அவள் கண்ணை மூடுகிறாள் என்று குறித்துக்கொண்டு, ஸ்பிரிங்கை மறுபடி மறுபடி இளக்கினார். ஏழிலும் அவள் கண் திறந்திருந்த நாளில் அந்த அளவை அப்படியே பூட்டினார். காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியவில்லை என்றதும் கதவின் கீழ்ச் சட்டத்தை நாலு விரல் அளவு தாழ்த்தச் சொன்னார். கூரை இல்லாத வண்டிக்கு அந்தச் சட்டம்தான் முதுகெலும்பு, தொடாதே என்று மற்ற இன்ஜினியர்கள் சண்டைக்கு வந்தார்கள். முதுகெலும்பை வேறு வழியில் பலப்படுத்த இரண்டு மாதம் ஆனது. அதுவரை அவளைத் தூக்கித்தான் உட்கார வைத்தார்.

“கல்யாணத்தன்னிக்குக்கூடத் தூக்கல. இப்பத்தான் எடை குறைஞ்சுருக்கேன்னு தூக்கறீங்களா?”

மருத்துவமனை வாசலில் அந்த வண்டி நின்றாலே கூட்டம் கூடியது. காவலாளி கிட்டே வந்து ரகசியமாகக் கேட்டார்.

“சினிமால இருக்கீங்களாம்மா?”

தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டே டீச்சர் சொன்னாள்: “ஆமாங்க. வில்லனே நான்தான். பாருங்க, மொட்டை.”

பிடரியில் அடிக்கிற காற்றுக்குக் கதவு கிடைத்தது இந்த வண்டியில்தான். கூரை திறந்திருக்கும்போதே, தலைக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கண்ணாடியை மட்டும் தனியே உயர்த்தி நிறுத்தினார். திரும்பி வந்த காற்று அதில் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் அதற்குள் டீச்சரின் குரல் பாதியாகிவிட்டது. அடுத்த மாதம் டாக்டரம்மா மகளைத் தனியே கூப்பிட்டு, இனி ஊசி வேண்டாம், அம்மா இஷ்டப்படி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

“இஷ்டப்படின்னா, டெஸ்டுக்கு நான்தான் வருவேன்” என்றாள் டீச்சர்.

“வேற ஒரு பொண்ண ஏற்பாடு பண்ணியிருக்காங்க டீச்சர். நீ படு.”

“என் கிளாஸ வேற டீச்சர் எடுக்கறதா? உறை எழுதி ஒட்டியாச்சு.”

டாக்டரம்மாவிடம் அரை மணி நேரத்துக்கு அனுமதி கிடைத்தது. ஓட்டுகிற தெம்பு அவளுக்கு இல்லை. அவர்தான் ஓட்டினார். எழுதக் கை இல்லாததால், காதில் விழுவதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. மகள் தடத்தின் ஓரத்தில் கம்பளியோடு நின்றாள். தாழ்ந்த சட்டத்தின் மேல் டீச்சர் தானாகவே காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

“பாத்தீங்களா? தூக்காமலே.”

“பாத்தேன்.”

தகடுகள் மடிந்தன. வானம் வந்தது. கண்ணாடி உயர்ந்தது. முள் நூறில் நின்றது.

“உப்பு.”

“உப்பு.”

“நூல்.”

“நூல்.”

“பென்சில்.”

“பென்சில்.”

ஒன்றையும் விடவில்லை. நூல் மாதிரி இழைந்துபோன குரல். ஆனாலும் ஒவ்வொன்றும் முழுதாக வந்து சேர்ந்தது. பதினாறும் வந்தது. பிறகு அவள் பேசவில்லை. சாலை ஒரு வளைவு திரும்பியது. அவர் காத்திருந்தார். அடுத்த வளைவும் வந்துவிட்டது.

“டீச்சர், பதினேழு என்ன?”

“கேட்டுட்டீங்களா! சட்டத்த மீறிட்டீங்க. இந்த டெஸ்ட் செல்லாது.”

“செல்லாட்டிப் போகுது. சொல்லு.”

அவள் சாலையைப் பார்த்தாள்.

“பயமா இருக்குங்க.”

சாப்பாட்டு மேசைக் குரலைவிடச் சின்னதாகத்தான் சொன்னாள். மூன்று கூரை, ஒரு கண்ணாடி, பன்னிரண்டு வருடம். பக்கத்துச் சீட்டிலிருந்து ஒரு பேச்சு வந்து சேர்வதற்கு வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார். வந்து சேர்ந்த பேச்சை என்ன செய்வது என்று அவர் யோசித்ததே இல்லை.

“கேட்டுதா?”

“கேட்டுது.”

“முழுசாவா?”

“முழுசா.”

அவள் தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டாள். அவர் ஒரு கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். வண்டி இன்னும் நூறில்தான் போய்க்கொண்டிருந்தது.

“இன்னும் மூணு இருக்கு. சொல்லட்டுமா?”

“அதான் செல்லாதே.”

“செல்லாட்டி என்ன, ஆரம்பிச்சத முடிக்கணும். வாளி.”

“வாளி.”

“ஜன்னல்.”

“ஜன்னல்.”

“சாவி.”

அவர் வாய் அசைந்தது.

“என்னங்க, கேக்கல” என்றாள் டீச்சர். “இன்னொரு தடவ சொல்லுங்க.”