ஃப்ளைவீலைப் பிடித்துக்கொண்டவள்

1

இந்தக் கதை எனக்குச் சட்டைக்கு அளவு கொடுத்தபோது கிடைத்தது. வாயில் குண்டூசியோடு தையற்கார அக்கா, தன் வீட்டுக்காரரின் மெக்கானிக் கடையில் நடந்ததைச் சொன்னார். "எழுதிக்கோ. ஆனா என்னை ரொம்ப நல்லவளாக்கிடாதே" என்றார். நன்றி, அக்கா. அவர் சொன்னதில் முதல் பாதிக்கு மட்டும் நான் உத்தரவாதம்.

2

'கிரீஸ் வாசனை கமழ்ந்த அந்தக் காலையில்...' வேண்டாம். மெக்கானிக் என்றாலே எல்லோரும் மூக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

'விதி அவன் தோளில் விழுந்தபோது...' விழுந்தது விதியில்லை, கியர்பாக்ஸ். அவனுடைய இடது தோள் ஆறியது, பலம் திரும்பவில்லை. அன்றிலிருந்து அவன் எதைச் சொன்னாலும் மனைவியான அவள்* "சரிங்க" என்றாள். கடையை விற்றுவிடலாம் என்றான். அவன் மனம் நோகக்கூடாதே என்று அதற்கும் "சரிங்க". அவனால் இனி வேலை செய்ய முடியாது என்று அவளும் முடிவு கட்டிவிட்டாள் என அவன் எடுத்துக்கொண்டான்.

கடையை வாங்குபவர் மதியம் வருவதாக இருந்தது.

3

அதற்குள் ஒரு வேன் இன்ஜினை முடிக்க வேண்டும். ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்தில் போல்ட் இறுக்குவதுதான் பாக்கி. இறுக்க இறுக்கச் சக்கரமும் கூடவே சுற்றும். முன்பெல்லாம் அதில் ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஸ்பானரை இழுப்பான். இன்று அந்த இடது கை இல்லாத மாதிரிதான். சாப்பாடு கொண்டுவந்தவளிடம் உதவி கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. அவளாகவே கம்பியைப் பிடித்தாள்.

[இங்கே அவளை ஒரே நொடியில் கெட்டிக்காரி ஆக்கிப் பார்த்தேன். அக்கா ஒப்பவில்லை.]

அவன் ஸ்பானரை வலப்பக்கம் இழுத்தான். நொந்த உடம்பாயிற்றே என்று அவளும் கம்பியை வலப்பக்கமே தள்ளினாள். சக்கரம் ஜம்மென்று சுற்றியது. போல்ட் இம்மியும் இறுகவில்லை. மறுபடி இழுத்தான், மறுபடியும் ஒத்தாசை செய்தாள்.

"கூடவே தள்ளாதேம்மா. நான் இழுக்கிறதுக்கு எதிரா பிடி."

"தோள் வலிக்குமேங்க."

"வலிக்கட்டும். நீ விட்டுக்கொடுத்தா எனக்கு ஒண்ணுமே இறுகாது."

அவள் சுவரில் காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். போல்ட் இறுகியது. அதற்கு எதிரே உள்ளது, பிறகு அடுத்தது என்று எல்லாமே இறுகின. அவனுக்குள் நன்றி பொங்கியது. அதைச் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. கண்ணைத் துடைக்கலாமென்றால் கையெல்லாம் எண்ணெய்.

கம்பியை விடாமலே அவள் சொன்னாள்: "கடையை விக்கிறது எனக்குப் பிடிக்கலை. அன்னிக்கே பிடிக்கலை."

4

முடிவு ஒன்று: அவன் கடையை விற்கவில்லை. இனிப்பாக இருக்கிறது, எறும்பு வரும்.

முடிவு இரண்டு: விற்றுவிட்டான், இருவரும் சேர்ந்து ஒரு... இல்லை, இதை அடித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். வாசலில் வாங்குபவரின் வண்டி வந்து நின்றது. மெக்கானிக் அவளைப் பார்த்துக் கேட்டான்: "தினமும் யாரு வந்து பிடிப்பா?"

அவள் பதில் சொன்னாள். என்ன சொன்னீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். கையைத் தூக்கச் சொல்லி அளவு நாடாவைச் சுற்றினார். ஆகவே அந்தப் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் வையுங்கள், "சரிங்க" மட்டும் வேண்டாம்.

---
* கதைக்குள் அக்காவை 'அவள்' என்கிறேன். மரியாதைக் குறைவில்லை, 'அவர்' என்று எழுதினால் சுவரில் காலை ஊன்ற வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.