தவளைமீனின் கொட்டாவி

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன் தங்கை புருஷனைப் பிடிக்காது என்று சொன்னால், அது ரொம்பக் குறைத்துச் சொன்னதாகும். அந்தப் பல் டாக்டரைக் கண்டாலே அவனுக்கு அடிவயிற்றிலிருந்து எரியும். கல்யாணத்தில் ஆரம்பித்த பகை என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்யாணத்தில் இருவரும் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள்தான். "மாப்பிள்ளை, ஒரு நாள் எங்கூடக் கடலுக்குள்ள வந்து பாருங்க" என்று மெக்கானிக் வாயைக் கொடுத்த நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அவனேதான்.

வாரம் ஆறு நாள் ஊராரை மேலே ஏற்றி இறக்கும் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை தானே இறங்குவான். முதுகில் சிலிண்டர், கையில் தண்ணீர் புகாத பெட்டிக்குள் அடைத்த கேமரா. மூன்றாவது கைக்கு வந்த கேமரா அது; ஸ்பீக்கர் செத்துப்போய், ஒரு மூலையில் பட்டனும் உடைந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு பவளப்பாறை இடுக்குகளில் பத்து வருடம் படம் எடுத்தான். டைவிங் கிளப்பில் வருடத்துக்கு ஒரு போட்டி உண்டு. ஜெயித்த படம் ஒரு வருடம் முழுக்கக் கிளப் சுவரில் தொங்கும். அவன் படம் ஒரு தடவைகூடத் தொங்கியதில்லை.

டாக்டர் நீச்சல் கற்றுக்கொண்ட இரண்டாம் வருடமே இரண்டு ஃப்ளாஷ், மூன்று லென்ஸ் என்று கொம்பும் கொடுக்குமாக வந்து இறங்கினார். அடுத்தடுத்து மூன்று வருடம் சுவரில் தொங்கினார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தொங்கிய மூன்றில் இரண்டு, மெக்கானிக் கண்டுபிடித்துக் கொடுத்த உயிர்கள். இவன் ஒரு பொந்தில் எதையாவது பார்த்து மூச்சடக்கிக் கிடப்பான். டாக்டர் பின்னாலேயே வந்து துடுப்புக்காலால் தரையை உதைப்பார். மணல் கிளம்பினால் படம் போச்சு; மிதக்கிற ஒவ்வொரு துகளிலும் ஃப்ளாஷ் பட்டு, படம் முழுக்கப் பொடுகு உதிர்ந்த மாதிரி இருக்கும். இவனுக்குப் பொடுகு, அவருக்குப் பரிசு.

இன்னொரு கெட்ட பழக்கமும் டாக்டருக்கு இருந்தது. கையில் ஒரு இரும்புக் குச்சி வைத்திருப்பார். எதையாவது பார்த்துவிட்டால் போதும், குச்சியால் தன் சிலிண்டரை டிங் டிங் டிங் என்று தட்டுவார். 'வந்து பார், நான் என்ன பிடித்திருக்கிறேன்' என்று அர்த்தம். தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. தலைக்குள்ளேயே யாரோ தட்டுகிற மாதிரி இருக்கும். மெக்கானிக் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தேடிக்கொண்டு போனால், அங்கே ஒரு சாதாரண நண்டு இருக்கும். அதன் பக்கத்தில் டாக்டர் கட்டைவிரலை உயர்த்தாத குறையாக மிதந்துகொண்டிருப்பார்.

சரி, வேறு ஆளோடு இறங்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். கிளப்பில் ஜோடி ஜோடியாகத்தான் இறங்க வேண்டும், ஒருவர் உயிருக்கு மற்றவர் பொறுப்பு. இந்த ஜோடியைச் சேர்த்து வைத்தது தங்கை.

"நீ கூட இருந்தாத்தாண்ணா எனக்கு நிம்மதி. அவரு படம் எடுக்க ஆரம்பிச்சா உலகத்தையே மறந்துடுவாரு" என்றாள். அண்ணன் அப்படி இல்லை என்று அவள் நினைத்தாள்.

அந்த வருடம் மெக்கானிக்குக்கு ஒரு தவளைமீன் கிடைத்தது. கட்டைவிரல் அளவுதான். மஞ்சள் கடற்பஞ்சின் மேல் மஞ்சளாகவே உட்கார்ந்திருக்கும். தெரியாதவன் அதன்மேல் கையையே வைத்துவிடுவான். நீந்தவும் செய்யாது, அசையவும் செய்யாது. ஆனால் எப்போதாவது ஒரு கொட்டாவி விடும். அப்போது தன் தலையைவிடப் பெரிதாக வாயைத் திறக்கும். அந்தக் கொட்டாவிக்காக அவன் மூன்று ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தான். டாக்டரிடம் மூச்சுவிடவில்லை. நாளெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிற மனுஷனுக்கு இந்த ஒரு வாய் கிடைக்கக் கூடாது என்று மனதுக்குள் சபதமே போட்டிருந்தான்.

நான்காவது ஞாயிறு காலை, பதினெட்டு மீட்டர் ஆழத்தில், டாக்டர் ஒரு பெரிய பாறைக்கு அந்தப்பக்கம் போகும்வரை வேறெங்கோ பார்ப்பதுபோல் பாவனை செய்தான். அவர் மறைந்ததும் மீனுக்கு எதிரே போய்ப் படுத்தான். கொட்டாவி கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், பட்டனை நம்ப முடியாது. அதனால் கேமராவை வீடியோவில் ஓடவிட்டான். பிறகு அதிலிருந்து ஒரு படத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

டிங் டிங் டிங்.

ஆரம்பிச்சுட்டான்யா, என்று நினைத்தான். நண்டோ நத்தையோ. தட்டு, நல்லாத் தட்டு. இன்னைக்கு நான் வரப்போறதில்ல.

மறுபடி மூன்று தட்டு. மீனின் தாடை லேசாக அசைந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். தட்டல் இப்போது கணக்கில்லாமல் வந்தது. டாக்டர் இப்படித் தட்டிக் கேட்டதில்லை என்று அவனுக்குத் தோன்றியது, நன்றாகவே தோன்றியது. போய்ப் பார்க்கத் துடுப்புக்காலால் பத்து உதை போதும். ஆனால் அந்த நேரம் பார்த்து மீன் வாயைத் திறந்தது.

வாய் மூடிய பிறகுதான் அவன் பாறையைச் சுற்றிப் போனான். அங்கே டாக்டர் இல்லை. பழைய மீன்வலைத் துண்டு ஒன்று பாறையில் சிக்கிக் கிடந்தது. அதில் டாக்டரின் சிலிண்டர், அதைக் கட்டியிருந்த அங்கி, இரண்டு ஃப்ளாஷ் வைத்த கேமரா எல்லாம் மாட்டித் தொங்கின. கை எட்டாத பின்பக்கத்தில் வலை மாட்டியிருக்கிறது. திமிறித் திமிறிக் காற்றையெல்லாம் தீர்த்திருக்கிறார். கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, இருந்த ஒரு மூச்சோடு மேலே போயிருக்கிறார். மெக்கானிக்கின் இடுப்பில் வலை அறுக்கும் கத்தி இருந்தது.

மேலே படகில் டாக்டர் மூக்கில் ரத்தத்தோடு கிடந்தார். படகுக்காரர் அவர் முகத்தில் ஆக்ஸிஜனை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டு செவிப்பறையும் கிழிந்திருந்தன.

"தட்டினேன். இவரு வரல" என்றார் டாக்டர். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்திச் சொன்னார்.

"எனக்கு எதுவுமே கேக்கல. நீரோட்ட இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல" என்றான் மெக்கானிக். முன்கூட்டி யோசித்த பொய் இல்லை. வாயைத் திறந்தான், வந்து விழுந்தது.

கிளப் செயலாளர் ஓய்வு பெற்ற டீச்சர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, முழுக் கிளப்பையும் வகுப்பறையாக நினைத்துப் பேசினாள். "ஜோடிய விட்டவனுக்கு நம்ம படகுல எடம் கெடையாது. ஆனா ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றீங்க. நான் யார நம்ப?"

தங்கைதான் குறுக்கே வந்தாள். "டீச்சர், எங்க அண்ணனுக்குக் காதுல விழுந்திருந்தா கேமராவத் தூக்கி எறிஞ்சிட்டு வந்திருப்பான். அவன நான் பொறந்ததுலேருந்து பாக்கறேன். வேணும்னா அவனுக்கு ஜாமீனா நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த பத்து நாள் அவள் தன் வீட்டில் அண்ணனுக்காக வக்கீலாக நின்றாள். சோறு பரிமாறும்போதும் சண்டை, கட்டுப் பிரிக்கும்போதும் சண்டை. கடைசியில் டாக்டர் கிளப்பில் கொடுத்திருந்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தங்கை போன் செய்து, "எல்லாம் முடிஞ்சுதுண்ணா. நீ வந்து ஒரு தடவ அவர்கூட உக்காரு. பாவம், படத்தப் பத்திப் பேச ஆளில்லாம செவுத்தையே பாத்துட்டுக் கெடக்காரு" என்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மெக்கானிக்குக்குக் குறுகுறுப்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று அரித்தது: அந்தக் கொட்டாவியை டாக்டர் இன்னும் பார்க்கவில்லை. கிளப்பில் யார் பார்த்து என்ன? பார்த்து வயிறெரிய வேண்டிய ஆள் பார்க்கவில்லையே. வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினான். அதை அவன் நூறு தடவை பார்த்திருப்பான், எல்லாம் ஸ்பீக்கர் செத்த அந்தக் கேமராவின் திரையில். கடலுக்கடியில் எடுத்த வீடியோவில் சத்தம் என்று ஒன்று இருப்பதே படமெடுக்கிறவர்களுக்கு நினைவிருக்காது. எப்படியும் அதை அழித்துவிட்டு ஏதாவது பாட்டைப் போட்டுவிடுவார்கள்.

டாக்டர் சோபாவில் சாய்ந்திருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. கடலுக்குள் எழுதிக் காட்ட வைத்திருக்கும் வெள்ளைப் பலகையும் பென்சிலும் மடியில் கிடந்தன; வீட்டில் இப்போது பேச்செல்லாம் அதில்தான். காது கேட்காத எரிச்சலில் டிவி சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தார்.

"வாங்க மச்சான்" என்று கத்தினார். அதில் வரவேற்பு இல்லை. "அடுத்தது யாரு சிலிண்டரு தீரப்போவுதுன்னு பாக்க வந்தீங்களா?"

"உங்களுக்கு ஒண்ணு காட்ட வந்தேன் மாப்பிள்ளை" என்றான் மெக்கானிக், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தே. பென்டிரைவைச் சொருகினான்.

திரை முழுக்க மஞ்சள். தங்கை மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள். வீட்டையே நிரப்பிக்கொண்டு குமிழிச் சத்தம் வந்தது. பிறகு மூன்று தட்டு.

தட்டு முடிந்ததும் குமிழிகளுக்கு நடுவே ஒரு குரல்: "ம்ஹும்."

வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு சொன்ன ம்ஹும். சின்ன வயதில் அம்மா குளிக்கக் கூப்பிட்டால் விளையாட்டைவிட்டு எழுந்திருக்காமல் சொல்வானே, அதே ம்ஹும். அந்த ம்ஹுமை அடையாளம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்னொருத்தி கையில் மாத்திரையோடு நின்றாள்.

மறுபடி மூன்று தட்டு. மறுபடி ம்ஹும். அவன் ரிமோட்டைத் தேடினான். அது டாக்டரின் தொடைக்கடியில் இருந்தது. பிறகு குமிழிச் சத்தம் நின்றுபோனது. கேமரா பிடித்தவன் மூச்சைப் பிடித்திருந்தான் அல்லவா? அதனால் தட்டுகிற சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது. கணக்கில்லாமல், விடாமல், ஒரு மனிதன் தன் சிலிண்டரை அடித்துக்கொண்டே இருந்தான். திரையில் மீன் சாவகாசமாக வாயைத் திறந்தது. தட்டல் நின்றது. மீன் வாயை மூடியது.

டாக்டர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "பத்தாயிரம் வாய் பாத்திருக்கேன் மச்சான். இப்படி ஒரு வாயப் பாத்ததில்ல" என்று கத்தினார். "நான் சுவத்துல மாட்டுனதெல்லாம் இதுக்கு முன்னால குப்ப."

இந்த ஒரு பேச்சைக் கேட்கத்தான் அவன் இத்தனை வருடம் காத்துக் கிடந்தான். இப்போது அது காதில் விழுந்தும் உள்ளே இறங்கவில்லை. தங்கை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது... மேல போன படகுச் சத்தமா இருக்கும்மா" என்றான்.

"படகு ம்ஹும்னு சொல்லுமாண்ணா?"

அவள் கணவர் மடியிலிருந்த பலகையை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். "அவருக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. நீயே எழுதிக் காட்டு."

இன்னொரு பொய் எழுதவும் அதில் இடம் இருந்தது. அவள் எதிரே நிற்காவிட்டால் எழுதியும் இருப்பான். பென்சிலை இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் 'நீங்க தட்டினது கேட்டுச்சு' என்று கிறுக்கினான்.

டாக்டர் படித்தார். குதிக்கவில்லை, அடிக்க வரவில்லை. பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேச முயற்சி செய்தார். "எனக்குத் தெரியும் மச்சான். அவ்வளவு நேரம் விடாம தட்டியும் ஆளக் காணோம்னதும், நீங்க வரமாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு மேல போனேன். வருவீங்கன்னு நம்பியிருந்தா அங்கேயே செத்திருப்பேன்." மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். "நம்பினது இவ ஒருத்திதான்."

தங்கை அழவில்லை. டிவிக்குப் பின்னால் கைவிட்டுப் பென்டிரைவை உருவி அவன் சட்டைப் பையில் போட்டாள்.

"போட்டிக்கு அனுப்புண்ணா. கண்டிப்பா ஜெயிப்ப" என்றாள். "இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராத."

அவன் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.