கூலி வாங்காத பகல்

உத்திரமேரூர் ஏரிக்கரைத் தெருவில் ஜெனிஃபர் வீட்டில் மட்டும் ஆடி மாதத்திலிருந்து பொழுது சாயவில்லை. தெருவெல்லாம் இருட்டி, நாய்கூடச் சுருண்டு படுத்த பிறகும், அந்த ஒரு வீட்டுக்குள் சாயங்கால ஐந்து மணி வெயில் அப்படியே நின்றது. கதவிடுக்கு வழியாகத் தெருவில் மஞ்சளாக விழுந்தது. மின்வாரிய ஆள் வந்து மீட்டரைப் பார்த்தார். அது ஓடவில்லை, தன் வேலை இல்லை என்று போய்விட்டார். பக்கத்து வீட்டுச் செவ்வந்தி துவைத்த துணியை ராத்திரியில் அங்கே கொண்டுபோய் உலர்த்திக்கொண்டாள்.

காரணம் யாருக்கும் தெரியாததில்லை, கண்ணுங்களா. அந்தத் தெருவில் எல்லாரும் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நடவு நட்டவர்கள். மேஸ்திரி வரப்பில் நின்று கூலியைக் கையில் வைத்து, "பொழுதாச்சு, வூட்டுக்குப் போ" என்று சொன்னால்தான் அவர்களுக்கு ஒரு நாள் முடியும். ஜெனிஃபரோ வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். யார் யாரோ பேசிய பேச்சைக் காதில் கேட்டு லேப்டாப்பில் அடித்து அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில் பில். அதற்குமேல் ஒன்றரை மாதம் கழித்து, கம்பெனிக்கு மனமிருந்தால் பணம். கூலி வராத நாள் எப்படி முடியும்? முடியாமல் வீட்டிலேயே நின்றது.

அவள் கணவன் டேனியல் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். அன்றன்றைக்குக் கூலி வாங்குவதால் அவனுக்கு ராத்திரி கிடைத்தது; மண்டியிலேயே சாக்கு விரித்துப் படுத்தான். ஜெனிஃபருக்குப் போக்கிடம் இல்லை. துப்பட்டாவால் கண்ணைக் கட்டிப் பார்த்தாள். செவ்வந்தி வீட்டில் போய்ப் படுத்தாள். வெயிலும் பின்னாலேயே வந்து அங்கிருந்த பிள்ளைகளை எழுப்பிவிட்டது. ஒரே ஒரு ராத்திரி தூங்கினால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டாள்.

ஐப்பசியில் சேர்ந்திருந்த பணமெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. அந்த நொடியே வரவேண்டிய ராத்திரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வீட்டுக்குள் இறங்கின. டார்ச் வெளிச்சம் வாசற்படி தாண்டவில்லை. டேனியல் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போய், நாள்கணக்கில் தூங்கிக் கிடந்த அவளுக்குத் தடவித் தடவிக் கஞ்சி ஊட்டினான். மகளிர் குழுத் தவணை தவறியது. கம்பெனி அனுப்பிய புது வேலைகளும் கைவிட்டுப் போயின. அவள் விழித்து, வேலை கேட்டு வாங்கி உட்கார்ந்த முதல் நாளே, வெயில் பழையபடி ஐந்து மணியில் வந்து நின்றுகொண்டது.

இந்தமுறை அவள் காத்திருக்கவில்லை. இருந்த பணத்தை எடுத்துவந்து, தவணைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் தனியாக வைத்துவிட்டு, மீதியை நாளுக்கு இவ்வளவு என்று பிரித்து டப்பாவில் போட்டாள். முதல் நாள் இடது கையால் எடுத்துத் தன் வலது கையில் தானே வைத்துப் பார்த்தாள். வெயில் ஏமாறவில்லை. மண்டியிலிருந்து டேனியலை வரவழைத்தாள்.

"நீதான்யா குடுக்கணும்."

"நான் இன்னா உன் மேஸ்திரியா? உன் துட்ட உனுக்கே எடுத்துக் குடுக்கறதுக்கு ஒரு ஆளா?"

"குடுய்யா, கண்ணு எரியுது."

"மேஸ்திரின்னா மொதல்ல திட்டணும்மே. இன்னா, மத்தியானம் பூரா போனப் பாத்துக்கினு கீற, வேல எங்க?"

"தூங்கற நேரத்துல கூட உனுக்கு மேஸ்திரி ஆசதான்" என்று அவள் சிரித்தாள். அவன் அவளுடைய உள்ளங்கையில் கூலியை வைத்து, பொழுதாச்சு என்றான். வெயில் பீரோவுக்குப் பின்னால் மெதுவாக இறங்கியது. அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

அன்று முதல் டேனியல் வீட்டிலேயே படுத்தான். தினமும் திட்டினான், தினமும் கொடுத்தான். இந்தத் தை மாதம் கம்பெனி மறுபடி இழுத்தடிக்க, டப்பாவில் அடி தெரிந்தது.

"இன்னிக்கி அரைக் கூலிதாம்மே கீது."

"அத்தக் குடு."

பாதி ராத்திரிதான் வந்தது. பிறகு வெயில் வந்து காலில் பட்டது. இருவரும் எழுந்து டீ போட்டுக் குடித்தார்கள். பணம் வரும்வரை அவர்கள் வீட்டில் பாதி ராத்திரிதான். அந்தப் பாதியில் நன்றாகத்தான் தூங்குகிறார்கள்.